ராஜா சொல்லாத வசனம்

வெண்ணெய்ச் சோளப்பொரியின் வாசம் விரல்களை விட்டுப் போகாத ஒரு ஞாயிறு மாலையில், ஜொகூர் பாருவில் ஒரு பேரங்காடியின் ஐந்தாம் மாடியில், ஐம்பத்து மூன்று வயதும் முன்வழுக்கையும் மூக்குக்கண்ணாடியும் கொண்ட ஒரு மனிதன், திரையரங்க வாசலில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த மலாய்க்காரப் பையனிடம் போய், “படத்தின் உயிரான காட்சியையே வெட்டிவிட்டீர்கள், இது என்ன நியாயம்?” என்று சண்டை பிடித்தான். அந்த மனிதன் நான்தான் என்பதை ஒப்புக்கொள்வதில் எனக்கு இப்போது பெரிய கூச்சம் இல்லை. கூச்சமெல்லாம் அடுத்துச் சொல்லப்போவதில் இருக்கிறது.

ஈராயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு மலைக்கோட்டையின் கதை அது. சிறிய நாடு, பெரிய பேரரசு, பத்தாயிரம் குதிரைகள், ஒரு கிழட்டு ராஜா, அவனுக்கு ஒரே மகள். என் பதின்மூன்றாம் வயதில் வந்த பழைய படத்தை இப்போது புதிய தொழில்நுட்பத்தோடு மறுபடி எடுத்திருந்தார்கள். கோட்டை வாசலில் ராஜா தன் மகளை வழியனுப்பிப் பேசும் பேச்சுக்காக நான் நாற்பது ஆண்டுகள் காத்திருந்தேன். வாசல் வந்தது, வெள்ளைக் குதிரை வந்தது, மகளும் வந்தாள். ராஜா முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரே ஒரு வரி சொன்னான், கதவு சாத்தப்பட்டது. அவ்வளவுதான். மீதிப் படம் முழுக்க நான் முனகிக்கொண்டிருந்தேன் என்று என் மகள் சொல்கிறாள்.

டிக்கெட் கிழிக்கும் பையன் பொறுமைசாலி. “மெமாங் பெகித்து, அங்கிள்,” கதையே அப்படித்தான் என்றான். பழைய படத்தில் அப்படி இல்லை, எனக்கு வசனமே மனப்பாடம் என்று நான் அவனுக்கு மலாயில் ஒப்பிக்கத் தொடங்கியபோது, மூன்றடி தள்ளி நின்று என்னை யாரென்றே தெரியாதவள்போல் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்த மகள் வந்து கையைப் பிடித்தாள். “அப்பா, போதும் லா. எல்லாரும் பாக்குறாங்க.”

கார் நிறுத்துமிடத்தில் அவள் பழைய படத்தின் அந்தக் காட்சியைத் தேடிப் பிடித்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள். அதே ராஜா. அதே தாடி. பற்களைக் கடித்துக்கொண்டு அவன் சொன்னதை அடியில் மலாயில் போட்டிருந்தார்கள்: “இன்றோடு நீ என் மகள் இல்லை. போ.” மறுபடி போடச் சொன்னேன். மறுபடியும் அதே. மூன்றாம் முறை போட்டபோதுதான், நாற்பது ஆண்டுகளாக மூடிக் கிடந்த ஒரு தகரப் பெட்டி மூடி தானாகத் திறந்ததுபோல் எனக்கு எல்லாம் நினைவு வந்தது. அந்தப் பேச்சை ராஜா பேசவே இல்லை. அதை எழுதியவன் நான்.

மூன்று கல்யாண வரவேற்புகளில் ‘உலகத் திரைப்படங்களிலேயே சிறந்த வசனம்’ என்று கைதட்டலுக்கிடையே நான் ஒப்பித்த பேச்சு அது. இதே மகள் பல்கலைக்கழகத்துக்குப் புறப்பட்ட அன்று லார்க்கின் பேருந்து நிலையத்தில் நாலு பேர் திரும்பிப் பார்க்கச் சொன்னதும் அதுதான். “அப்போ அதைச் சொன்னது யாரு?” என்று கேட்டாள். நான் என்றேன். ஸ்கூடாயில் எங்கள் வீடு வரும்வரை சிரித்துக்கொண்டே கார் ஓட்டினாள்.

ரெங்கம் என்ற சிற்றூரிலிருந்து உள்ளே போகும் செம்மண் பாதையில் நாங்கள் வேலை செய்த ரப்பர்த் தோட்டம் இருந்தது. ‘லயம்’ என்று நாங்கள் சொன்ன வரிசை வீடுகளில், எங்கள் வரிசைக்கு ஒரே ஒரு தொலைக்காட்சிப் பெட்டி, அதுவும் பக்கத்து வீட்டு அஞ்சலை அத்தையினுடையது. கறுப்பு வெள்ளை. பகலில் தோட்டத்து மின்சாரம் கிடையாது என்பதால் அது லாரி பேட்டரியில் ஓடியது. சனிக்கிழமை காலையில் ரெங்கத்துப் பட்டறையில் ‘சார்ஜ்’ ஏற்றிக் கொண்டுவந்த பேட்டரியை, அன்று மாலைத் தமிழ்ப் படம் பாதி குடித்துவிடும். ஞாயிறு மதியம் ஆங்கிலப் படம் வரும் நேரத்தில் பேட்டரிக்கு மூச்சு வாங்கும். படம் நாலு பக்கமும் உள்ளே சுருங்கத் தொடங்கும். முதலில் ஓரத்தில் ஒரு கறுப்புச் சட்டம் போட்டதுபோல் இருக்கும். கடைசிச் சண்டை வரும்போது பேரரசின் மொத்தப் படையும் ஓர் அஞ்சலட்டை அளவு இடத்தில் மடிந்துகொண்டிருக்கும். எறும்பு அளவுக் குதிரைகள். அடியில், வசனத்துக்கு, எறும்பின் கால் அளவு மலாய் எழுத்துகள்.

அந்த எழுத்துகளைப் படித்துச் சொல்வதற்கென்றே லயத்தில் நான் வளர்க்கப்பட்டேன். தமிழ்ப் பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்துவிட்டு ரெங்கத்து இடைநிலைப் பள்ளியில் ‘புகுமுக வகுப்பு’ என்ற ஓராண்டில் இருந்தேன். எங்களைப் போன்ற பிள்ளைகளுக்கு மலாய் பிடிபடுவதற்காக வைத்திருந்த வகுப்பு. அதில் இருப்பதாலேயே எனக்கு மலாய் தெரியும் என்று லயம் முடிவுகட்டிவிட்டது. தெரியாததால்தான் அதில் உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள் என்ற விவரத்தை நான் யாருக்கும் சொல்லவில்லை. பெரியவர்கள் எல்லாரும் என்னைவிட நன்றாக மலாய் பேசுவார்கள், ஆனால் வாசிக்க மாட்டார்கள். எனக்கு வாசிக்க வரும், அர்த்தம் வராது. முதல் வரியை நான் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் இரண்டு வரியும் போய் அடுத்தது வந்துவிடும். ஆகவே மொழிபெயர்ப்பாளனாக என் முறை மிக எளிமையானது: முதல் சொல்லைப் படிப்பேன், நடிகனின் முகத்தைப் பார்ப்பேன், மிச்சத்தை நானே சொல்வேன். கூலி, ஒரு குவளை ‘தே ஓ’ என்ற பாலில்லாத தேநீரும் பொரித்த நெத்திலி ஒரு கைப்பிடியும்.

தற்காலக் கதைப் படங்களில் நான் மாட்டிக்கொள்வேன். தொலைபேசியில் ஒருவன் ஐந்து நிமிடம் பேசுவான், முகத்தில் ஒன்றும் இருக்காது. பழங்காலப் போர்ப் படங்களில் அந்தத் தொல்லையே இல்லை. அங்கே யாரும் சும்மா பேசுவதில்லை. கையை உயர்த்தினால் சபதம், குரலைத் தாழ்த்தினால் துரோகம், மண்டியிட்டால் விசுவாசம். பத்து படம் பார்த்தவன் பதினோராவது படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு மொழிபெயர்க்கலாம்.

இந்தப் படங்கள் எங்கள் சனங்களை ஏன் அப்படிப் பிடித்து ஆட்டின என்று பிற்காலத்தில், நாலு புத்தகம் படித்த திமிரில், நான் நிறைய யோசித்திருக்கிறேன். வீரம், தியாகம் என்றெல்லாம் எழுதிப் பார்த்துக் கிழித்துப் போட்டிருக்கிறேன். இப்போது எனக்குத் தோன்றும் காரணங்கள் அத்தனை கம்பீரமானவை அல்ல. கோலாலம்பூர்ப் பணக்காரனைப் பற்றிய படம் என்றால் அவன் வீட்டு மெத்தை நாற்காலியையும் குளிர்பெட்டியையும் பார்த்து அஞ்சலை அத்தைக்குப் பெருமூச்சு வரும். ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய பேரரசனிடமோ ஒரு மேசை விசிறிகூட இல்லை. பின்னால் இரண்டு பேர் இறகு வைத்து வீசிக்கொண்டிருந்தார்கள். “பாவம், என்னா வேர்வை!” என்று அத்தை அவனுக்காக இரங்குவாள். உலகத்தையே ஆண்டவனைப் பார்த்து இரங்கும் வாய்ப்பு எங்களுக்கு வேறு எங்கே கிடைக்கும்?

அதோடு, அந்தக் காலத்தில் மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்று யாரும் இல்லை. எந்தப் பக்கமும் எங்கள் பக்கம் இல்லை; அதனாலேயே எந்தப் பக்கமும் எங்கள் பக்கமாக இருக்கலாம். அத்தை எப்போதும் குதிரைகளின் பக்கம். அப்பா, வரிசையில் நிற்பவர்களின் பக்கம். விடியலில் தளபதி வந்து வீரர்களை வரிசையாக நிறுத்தி எண்ணும் காட்சி வந்தால் போதும், தோட்டத்தில் காலை ஐந்தரைக்கு எங்கள் பெயர்களைக் கூப்பிட்டு வேலை பிரிக்கும் ‘பெரட்டு’ அப்படியே அங்கே நடப்பதாக அப்பாவுக்குத் தோன்றும். “நம்ம கிராணி மாதிரியே நிக்கிறான் பாரு. லேட்டா வந்தவனுக்கு அரைப்பேர் போடுறானான்னு படிச்சு சொல்லுடா.” தோட்டத்துக் கணக்கரான கிராணி அரைநாள் கணக்கு எழுதுவதைத்தான் அப்படிச் சொல்வார்கள். நான் திரையை உற்றுப் பார்த்துவிட்டு, போடுகிறான் என்பேன். அப்பா திருப்தியோடு தலையாட்டுவார். ஈராயிரம் ஆண்டுகளாக ஒன்றும் மாறவில்லை என்பதில் மனிதனுக்கு ஓர் ஆறுதல் இருக்கிறது.

அந்த ஆண்டு எங்கள் வீட்டில் வேறு ஒரு போர் நடந்துகொண்டிருந்தது. கமலா அக்காவுக்குப் பத்தொன்பது வயது. ‘மருந்தடிக்கிற கும்பல்’ என்ற பெண்கள் கூட்டத்தில், முதுகில் ‘தோம்பு’ என்ற மருந்துக் கலத்தைச் சுமந்துகொண்டு, புல்லுக்கும் லாலான் களைக்கும் களைக்கொல்லி அடிப்பது அவள் வேலை. கைவிரல் நகங்கள் மஞ்சளாகி ஓரம் உரிந்திருந்தன. சில நாள்களில் மூக்கிலிருந்து இரத்தம் வரும். வெயில் என்று சொல்லித் துண்டால் துடைத்துக்கொள்வாள். பத்து பாகாட் என்ற ஊரில் ஒரு சட்டைத் தொழிற்சாலைக்கு ஆள் எடுக்கிறார்கள், தங்க விடுதியும் உண்டு, திங்கட்கிழமை விடிகாலையில் தோட்டத்து முச்சந்திக்கே பேருந்து வந்து பெண்களை ஏற்றிக்கொள்ளும் என்ற செய்தி வந்தபோது அவள் பெயரைக் கொடுத்துவிட்டாள். அப்பாவுக்குச் சொன்னது அதற்குப் பிறகு.

அப்பா கத்தவில்லை. அவர் கத்தாமல் மறுத்தால் அது முடிந்த கதை. “வயசுப் புள்ளைய யாருன்னே தெரியாத ஊர்ல விட்டுட்டு நான் இங்க எப்படிக் கஞ்சி குடிக்கிறது?” என்று ஒரு முறை கேட்டார், பிறகு அதைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டார். அம்மாவும் பேசவில்லை. பேருந்து வர எட்டு நாள்கள் இருந்தன.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் மலைக்கோட்டைப் படத்தின் முதல் பாதியைக் காட்டினார்கள். படம் நீளமானது, மறுபாதி அடுத்த வாரம். முடிவில் அடுத்த வாரத்துக் காட்சிகள் ஒன்றிரண்டு மின்னிப் போயின: கோட்டைக் கதவு திறக்கிறது, மகள் வெள்ளைக் குதிரையில் வெளியே போகிறாள், மதில்மேல் ராஜா நிற்கிறான். எல்லாரும் எழுந்து போன பிறகும் அக்கா அங்கேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு என்னைக் கிணற்றடிக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

“டேய், அடுத்த வாரம் அந்த ராஜா என்னா சொன்னாலும் சரி, நீ சொல்லப் போறது நான் சொல்றதைத்தான்.”

“என்னா சொல்லணும்?”

“அப்பன்காரன் மகளை மனசார அனுப்பி வைக்கிறான்னு சொல்லணும். நல்லா சொல்லணும், அப்பா கண்ணு கலங்கணும். சொதப்புனே, உன்னைக் கிணத்துல தள்ளிருவேன்.”

என் இலக்கிய வாழ்க்கையில் எனக்கு வந்த முதல் அழைப்பு அது. அதற்குப் பிறகு வந்த எதிலும் இத்தனை தெளிவாக நிபந்தனை சொல்லப்பட்டதில்லை. ஐந்து நாள் உழைத்தேன். பள்ளிப் பேச்சுப் போட்டிக்காக மனப்பாடம் செய்திருந்த மிச்சம் மீதிகளையெல்லாம் கூட்டிப் பெருக்கி இப்படி எழுதினேன்: “மகளே! கோட்டைக்குள் இருந்தால் நீ எனக்கு மட்டும் மகள். வெளியே போனால் இந்த மலைக்கும் மக்களுக்கும் மகள். என் பயத்தைக் கதவாக்கி உன்னை அடைத்து வைக்க மாட்டேன். போய் வா. உன் குதிரையின் சத்தம் கேட்கும்வரை இந்த மதிலில் நான் விளக்கு வைத்திருப்பேன்.” குதிரையின் சத்தத்துக்கும் விளக்குக்கும் என்ன சம்பந்தம் என்று இன்றுவரை யாரும் கேட்டதில்லை. பள்ளி விட்டு வந்ததும் அப்பாவின் சவரக் கண்ணாடி முன் நின்று கையை உயர்த்தி ஒத்திகை பார்த்தேன்.

மறு ஞாயிறும் வந்தது. வழக்கமாக மதியத்தில் படுத்துவிடும் அப்பாவை நான்தான் நச்சரித்துக் கூட்டிப் போனேன். “வாங்கப்பா, இன்னிக்கு பெரிய பெரட்டு இருக்கு.” அம்மா வீட்டில் கருவாடு அலசிக்கொண்டிருந்தாள், வரவில்லை. அக்கா கதவோரம், அப்பாவின் முகம் தெரிகிற மாதிரி உட்கார்ந்துகொண்டாள். பேட்டரி அன்று வழக்கத்தைவிட மோசம். படம் தொடங்கும்போதே ஓரத்தில் கறுப்புச் சட்டம் கட்டிவிட்டது.

கோட்டை வாசல் காட்சி வந்தது. ராஜா எழுந்து நின்றான். நானும் எழுந்து நின்றேன். அவன் வாய் திறந்ததும் நானும் திறந்தேன். சிக்கல் என்னவென்றால், நான் எழுதியது ஐந்து வாக்கியம், அவன் பேசியது ஒன்று. அவன் வாயை மூடிக்கொண்டு முறைத்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் நான் பேசிக்கொண்டே இருந்தேன். ‘என் பயத்தைக் கதவாக்கி’ என்ற இடத்துக்கு நான் வந்தபோது ராஜா பக்கத்திலிருந்த மேசையை எட்டி உதைத்தான்.

அப்பா கேட்டார்: “மனசார அனுப்புறவன் ஏன்டா பல்லைக் கடிக்கிறான்?”

“அழுகைய அடக்குறாருப்பா.”

“மேசைய ஏன் ஒதைக்கிறான்?”

“ராஜா இல்லையா, சத்தமா அழக்கூடாது. அதான்.”

அப்பா அதை ஏற்றுக்கொண்டதுபோல் இருந்தது. அத்தை மட்டும், “நல்ல மனுசன். அந்த மேசைதான் பாவம்,” என்றாள். அக்காவைப் பார்த்தேன். கண்ணாலேயே தட்டிக்கொடுத்தாள். கதவு திறந்தது, குதிரை போனது, என் வேலை முடிந்தது என்று நெத்திலியில் கைவைத்தேன்.

ஒரு கதையை அதன் முடிவு தெரியாமல் மொழிபெயர்க்கக் கூடாது என்பது தொழிலின் முதல் பாடம். மகள் வெளியே போய் மலைவாசிகளைத் திரட்டிக்கொண்டு திரும்பினாள்; அதுவரை எல்லாம் எங்களுக்குச் சாதகம். கடைசிச் சண்டை. அஞ்சலட்டை அளவுக்குச் சுருங்கிவிட்ட களத்தில் எங்கிருந்தோ ஓர் அம்பு வந்து அவள் மார்பில் தைத்தது. “அலாமாக்!” என்று அத்தை நெஞ்சில் கைவைத்தாள்.

“தோள்லதான்,” என்றேன் அவசரமாக. “லேசான காயம். மயக்கம்.”

மயக்கத்தில் இருந்தவளைச் சுற்றி நின்று படையே தலைக்கவசத்தைக் கழற்றியது. பிறகு விறகு அடுக்கத் தொடங்கினார்கள்.

“வெறகு எதுக்குடா?” இது அப்பா.

“குளிருக்கு.”

“பட்டப்பகல்லயா?”

“மலை ஊருப்பா.”

வெள்ளைத் துணி போர்த்திய உடல் ஒன்றை அந்த விறகின்மேல் தூக்கி வைத்தார்கள். எழுத்து தெரியாத என் சனங்களுக்கு, உலகத்தின் எந்த மொழியிலும் மொழிபெயர்ப்பே வேண்டாத காட்சி அது ஒன்றுதான். எங்கள் சுடுகாட்டில் அதே மாதிரி அடுக்கித்தான் அதே மாதிரி வைப்போம். அக்காவின் பக்கம் திரும்பவே பயம்.

“அது அவ தோழி,” என்றேன். “பாக்குறதுக்கு அவ மாதிரியே இருப்பா.”

“தோழிக்கா ராஜா இப்படி மண்ணுல விழுந்து அழுவுறாரு?” அத்தைக்கே சந்தேகம் வந்துவிட்டது.

“எளகின மனசு அத்தை.”

“அப்போ மகள் எங்க?”

அந்த நேரம் பார்த்து வெள்ளைக் குதிரை ஒன்று மலைச்சரிவில் ஓடியது. “அதோ! குதிரையில வெளியூர் போறா. நல்லா இருக்கா!”

“குதிரை மேல யாரும் இல்லையேடா.”

“படம் சுருங்கிப் போச்சு அத்தை. அதான் தெரியலே.”

பேட்டரி அந்த இடத்தில் என்மேல் இரக்கப்பட்டு உயிரை விட்டது. நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி நின்று, அதுவும் அணைந்தது. அப்பா எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். என்னையும் பார்க்கவில்லை, அக்காவையும் பார்க்கவில்லை. செம்மண் பாதையில் இறங்கி மரங்களுக்குள் நடந்து போனார். அவர் திரும்பி வருவதற்குள் நான் தூங்கிவிட்டேன்; பதின்மூன்று வயதில் குற்ற உணர்ச்சிகூட நல்ல தூக்கத்தையே கொடுத்தது.

திங்கட்கிழமை கண் விழித்தபோது அக்காவின் பாய் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. சாமிப் படத்துக்குக் கீழே எப்போதும் இருக்கும் தகரப் பெட்டியைக் காணோம். ஏழு மணிக்கு அப்பா வந்தார். என் நினைவில் அவர் பெரட்டுக்குப் போகாத ஒரே நாள் அது. காலைக் கழுவிக்கொண்டே, “பஸ்ஸுல ஏத்தி விட்டுட்டேன்,” என்றார் அம்மாவிடம். அம்மா அவருக்குத் தேநீர் ஆற்றினாள். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, போர்வைக்குள் கையை உயர்த்தி, என் வசனத்தை எனக்கே ஒரு முறை சொல்லிக்கொண்டேன்.

அன்றிலிருந்து நாற்பது ஆண்டுகள். அக்கா முதலில் சட்டைக் கழுத்துப்பட்டிகள் தைத்தாள், பிறகு தைப்பவர்களுக்கு மேற்பார்வையாளராக ஆனாள், பத்து பாகாட்டிலேயே கல்யாணம், வீடு, இரண்டு பையன்கள். அவளுடைய நகங்கள் எல்லாம் புதிதாக முளைத்து நேராயின, இடது சுட்டுவிரல் நகத்தைத் தவிர. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே இயந்திர ஊசி அதில் இறங்கிவிட்டது. இன்றைக்கும் நடுவில் ஒரு கோடு இருக்கும். அதை நான் கட்டுரைகளில் இரண்டு முறை ‘வீரத் தழும்பு’ என்று குறிப்பிட்டிருக்கிறேன். அவள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அந்த ஓடு வேய்ந்த வாசலையும் வளர்ந்த பையன்களையும் பார்த்து, இதற்கெல்லாம் அடியில் ஐந்து வாக்கியங்கள் இருக்கின்றன என்று எனக்குள் அடக்கமாகப் பெருமைப்பட்டுக்கொள்வது என் வழக்கம். பெருமை தங்கியது; அந்த வாக்கியங்கள் என்னுடையவை என்பது மட்டும் எப்படியோ கழன்று, ராஜாவின் வாய்க்குள்ளேயே போய் ஒட்டிக்கொண்டுவிட்டது.

இப்போது ரெங்கத்துக்குப் போனால் எங்கள் லயம் இருந்த இடத்தில் செம்பனை நிற்கிறது. கிணற்றடியை ஒரு மாதிரி ஊகித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். பால்மரம் இல்லை, பெரட்டு மணி இல்லை. அஞ்சலை அத்தை போய்ச் சேர்ந்து பல காலம் ஆகிறது. அப்பாவும் அம்மாவும் அவளுக்கு முன்பே. என் தொழிலும் அழிந்துவிட்டது. புதிய படத்துக்கு அடியில் மலாயிலும் சீனத்திலும் சரியாகப் போடுகிறார்கள். வீட்டிலே பார்த்தால் தமிழிலும் வருகிறது. ராஜா என்ன சொன்னானோ அதுதான் வருகிறது. படம் சுருங்குவதும் இல்லை. ஒரு ராஜா தன் மகளை வெறுத்து அனுப்பினான் என்றால், இனி உலகம் முழுக்க அவன் வெறுத்துத்தான் அனுப்பியாக வேண்டும். அதை மாற்ற நெத்திலிக்கு வேலை செய்யும் ஆள் எங்கேயும் கிடையாது. படம் முடிந்து வந்த அன்று எனக்கு வந்த கோபத்தில் பாதி இதுதான் என்று நினைக்கிறேன். மிச்சப் பாதியை என் மகள் ஏற்கெனவே சிரித்துத் தீர்த்துவிட்டாள்.

மறுநாள் காலையில் அக்காவுக்குத் தொலைபேசி போட்டேன். சட்டைத் தொழிற்சாலையிலிருந்து ஓய்வுபெற்று, இப்போது பேரப்பிள்ளைக்குப் பள்ளிச் சட்டை தைத்துக்கொண்டிருக்கிறாள். பின்னணியில் தையல் இயந்திரம் விட்டுவிட்டு ஓடும் சத்தம் கேட்டது. படம் பார்த்த கதை, சண்டை போட்ட கதை எல்லாம் சொல்லி, கடைசியில், நாற்பது ஆண்டுகளாக நான் எதிர்பார்த்திருந்த நன்றியை வாங்கிக்கொள்ளும் நிதானத்தோடு கேட்டேன்: “அன்னிக்கு என் வசனத்தைக் கேட்டுத்தானே அப்பா மனசு மாறுனாரு?”

தையல் இயந்திரம் நின்றது.

“எந்த வசனம்? அப்பா வெள்ளிக்கிழமையே சரின்னுட்டாருடா.”

“வெள்ளிக்கிழமையா?”

“வியாழக்கிழமை மருந்தடிச்சிட்டு வரேன், மூக்குல ரத்தம் நிக்கவே இல்லே. துண்டு பூரா ரத்தம். அப்பா அந்தத் துண்டை வாங்கிக் கையில வச்சுப் பாத்துக்கிட்டே இருந்தாரு. மறுநாள், பெட்டிய எடுத்து வைன்னாரு. அதுக்கு எதுக்கு ராஜா?”

“என்கிட்ட ஏன் சொல்லலே?”

“சொல்லத்தான் வந்தேன். நீ கண்ணாடி முன்னாடி நின்னு கைய தூக்கிப் பேசிக்கிட்டு இருந்தே. பாவமா இருந்துச்சு.”

அக்காவே தொடர்ந்தாள். குரலில் பழைய கிணற்றடி அதிகாரம் திரும்பியிருந்தது.

“சும்மா தூங்க வேண்டிய மனுசனை இழுத்துட்டுப் போயி, கொள்ளி வைக்கிறதைக் காட்டினே பாரு. வீட்டுக்கு வந்து, ‘வெளிய போன புள்ள வெந்து போச்சு, நீ போக வேணாம்’னு ஒரே பிடி. தோழின்னு நீ சொன்னதை ஒரு ஆளு நம்பலே. ராத்திரி பூரா அம்மாதான் மல்லுக்கு நின்னாங்க. ‘அவ போறது சண்டைக்கு இல்லீங்க, சட்டை தைக்க’ன்னு சொல்லிச் சொல்லி, விடியறப்பதான் எறங்கி வந்தாரு. நீ கட்டை மாதிரி தூங்கிக்கிட்டு இருந்தே.” இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியது, அந்தச் சத்தத்துக்கு மேலே அவள் சொன்னாள்: “அன்னிக்கு நீ வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா, நானும் ரெண்டு மணி நேரம் தூங்கிருப்பேன். மொத நாளே விரல்ல ஊசி எறங்கியிருக்காது.”